ஒரே ஒருத்தியின் ஸ்பானிஷ்

சென்னையில் 'நாவகம்' மொழிப் பயிற்சி நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு புதுமணத் தம்பதி ஸ்பானிஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தேனிலவுக்கு ஸ்பெயின் போறாங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், பெற்றவளைப் போன்ற பெருமையுடன். "இன்னிக்கு ஆறாவது நாள். போன வாரம் 'ஓலா'ன்னு வணக்கம் சொல்றதைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. இப்ப பாருங்க, மாமியாரைப் பத்தி வாக்குவாதம்."

ரெமிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் இருந்த உறையைத் திறந்து கப்பல் நிறுவனத்தின் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். இரண்டாம் இஞ்சினீயர் ஜெரோன் கொரைரா சான் எலியாஸ் துறைமுகத்தில் கரையிறங்கினார். கப்பல் புறப்படும் நேரத்துக்குத் திரும்பவில்லை. பணியை விட்டு ஓடியவராகக் கருதப்படுகிறார்.

பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. தூத்துக்குடியில் அந்தக் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கப்பல்காரர்களின் தெருவில் அப்படித்தான். "அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துதானாம்" என்று குழாயடியில் சொன்னவர்கள், அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். ரெமிலாவுக்கு அவர்கள்மீது கோபம் வரவில்லை. ஞாயிறுதோறும் பூசையில் முழங்காலில் நின்று அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். ஆண்டவரே, அவர் என்னை ஏமாத்திட்டு எவளோடயாவது இருக்கட்டும். உயிரோட இருக்கட்டும்.

"ரெமிலா கொரைரா!"

டாக்டர் பார்கவி கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"ஸ்பெயினா, மெக்சிகோவா?"

"சான் எலியாஸ், டாக்டர். தென்னமெரிக்கா. பசிபிக் கரையில உப்பும் செம்பும் ஏத்துற துறைமுகம்."

"சுற்றுலாவுக்கா?"

"வீட்டுக்காரவுகளத் தேடிப் போறேன்."

டாக்டர் பென்சிலை உருவினார். எழுதவில்லை. "போன்லயே மொழிபெயர்க்கலாமே? எதுக்கு ஆறு நாள் இங்க படுக்கணும்?"

"நான் வச்ச வக்கீல் அங்க ஒரு ஆள அனுப்பிப் பாத்தாரு. போனை நீட்டினாலே கதவச் சாத்துதாவளாம். அந்த ஊர்ல கருவிகிட்ட யாரும் வாயத் திறக்க மாட்டாவ. ஊர்க்காரிகிட்டன்னா பேசுவாவ. நான் ஊர்க்காரியாப் போகணும்."

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாங்க செய்யறது என்னன்னு தெரிஞ்சுக்கங்க. அந்தந்த ஊர்ல சில பேர் கழுத்துல ஒரு பட்டையைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் சாதாரணமா வாழறாங்க. சந்தைக்குப் போறது, சண்டை போடறது, தூக்கத்துல பிதற்றறது, எல்லாம் அதுல பதிவாகும். அதை ஒரு மெல்லிய ஏடா உங்க காதுக்குப் பின்னால ஒட்டி, தூங்கும்போது பழக்குவோம். நாங்க தர்றது வார்த்தை இல்ல. வார்த்தை வர்றதுக்கு முன்னாடி ஒரு அரை விநாடி இருக்கு பாருங்க, எங்க நிறுத்தணும், எதைச் சொல்லணும்னு நாக்கு தானா முடிவு பண்ணுமே, அதைத் தர்றோம்."

"கேக்குற சத்தத்துக்கும் அப்பிடி ஒண்ணு உண்டு டாக்டர். நான் காது பரிசோதனை செய்யுத ஆளு. ஆடியோமெட்ரி. இருபத்திரண்டு வருசம்."

"அப்ப உங்களுக்கு விளக்கவே வேண்டாம்." டாக்டர் திரையைத் திருப்பினார். "தென்னமெரிக்கக் கரைக்கு நூற்றிப் பத்து பேரைக் கலந்து ஒரு பேச்சு வச்சிருக்கோம். நல்லா இருக்கும்."

"கலந்தது வேண்டாம்."

"ஏன்?"

"துறைமுகத்துல ரெண்டு பாஷை உண்டும்பாக அவுக. கேட்டுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. வெளிய உள்ளது தெருவுக்குத் தெரு மாறும். நூறு பேரக் கலந்தா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், எவ நம்புவா? அவுகளக் கடைசியா பாத்தது லாஸ் ரேதேஸ்னு ஒரு மீன்காரத் தெருவுல. கூட வேலை பாத்த பையன் சொன்னான். அந்தத் தெருவுல யாராவது பட்டை கட்டியிருக்காவளா, பாருங்க."

டாக்டர் தேடினார். புருவம் உயர்ந்தது. "ஒரே ஒருத்தர். பெண், நாற்பத்தாறு வயசு. எண்ணைத் தவிர வேற விவரம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது. பதிவு ஆரம்பிச்சு ஒரு வருஷம் முழுசா முடிஞ்சிருக்கு. குளிக்கும்போதுகூடக் கழட்டலை போல."

"அவங்களோடத மட்டும் வைங்க."

"நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒருத்தரோட பேச்சை மட்டும் வச்சா அவங்க கோபம், சலிப்பு, எரிச்சல் எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். நிறையப் பேரைக் கலக்கறதே அது அடிபட்டுப் போகத்தான்."

"வரட்டும் டாக்டர். எனக்கு இல்லாத எரிச்சலா?"

கையெழுத்துப் போட்டாள். தான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாகவே அப்போது நினைத்தாள்.

*

விமான நிலையத்திலிருந்து சான் எலியாஸுக்கு நான்கு மணி நேரம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் புல்லே முளைக்காத பழுப்பு மலை. டாக்சி ஓட்டுநர் தலைநகரத்துக்காரன். பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடாதவன்.

"ஜன்னலை ஏத்துப்பா, மூஞ்சியெல்லாம் மண்ணு. உன் அம்மா உன்னைச் செங்கல் சூளையிலயா பெத்தா?" என்றாள் ரெமிலா.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யோசிக்கவே இல்லை. வாக்கியம் முழுசாக, சூடாக, நாக்கிலிருந்து குதித்திருந்தது.

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தான். "சான் எலியாஸ்தானே நீங்க? மீன்காரத் தெரு! முகத்தைப் பார்த்து ஏமாந்துட்டேன். எந்த ஊர் முகம் அது?"

"என் முகம் என் அப்பாவோடது. ரோட்டைப் பார்."

அவளுக்கே சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆறு நாளில் இன்னொருத்தி ஆகிவிட்டாள். அவன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், அவன் மனைவியின் சமையலைக் கிண்டல் செய்தாள். ஒரு மணி நேரம் அப்படியே ஓடியது. இனிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. போன வருஷம் இந்தத் துறைமுகத்தில் ஒரு இந்தியக் கப்பல்காரர் காணாமல் போனார், கேள்விப்பட்டிருக்கிறாயா? வாக்கியம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"மழை வரும்போல இருக்கு" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மழையா? இந்தக் கரையிலா? எனக்கு வயசு நாற்பத்தொண்ணு சென்யோரா. குடையைப் படத்துலதான் பார்த்திருக்கேன்."

பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

*

விடுதிக்காரி எல்விரா குண்டான, கலகலப்பான விதவை. ரெமிலா இரண்டு வார்த்தை பேசியதும் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே கட்டிக்கொண்டாள். "நம்ம தெருப் பேச்சு பேசறியே! யார் வீட்டுப் பொண்ணு நீ? எங்க போய் வளர்ந்த?"

சூப் வந்தது. அவித்த சோளம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரனின் நாய், பாதிரியாரின் புதுக் கார், மீன்வரத்து குறைந்தது எல்லாம் வந்தது. வக்கீல் அனுப்பிய ஆளுக்கு ஒரு மாதத்தில் கிடைக்காதது முதல் அரை மணியில் கிடைத்தது. இதோ, இதோ என்று ரெமிலா கைப்பையிலிருந்து ஜெரோனின் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இவரைப் பார்த்திருக்கிறீர்களா?

"மழை வரும்போல இருக்கு" என்றது அவள் வாய்.

எல்விராவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் புகைப்படத்தைப் பார்த்தாள். பிறகு ரெமிலாவைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கலகலப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஆமாம் மகளே" என்றாள் மெதுவாக. "ஜன்னலைச் சாத்திடறேன்."

வெளியே சுட்டெரிக்கும் வெயில்.

மூன்று நாள் அதுவே நடந்தது. மீன் சந்தையில், மாதா கோயில் வாசலில், முடிதிருத்தும் கடையில், எங்கும் அவளை ஊர்ப் பெண்ணாக வரவேற்றார்கள். எல்லாம் பேசினார்கள். புகைப்படத்தை எடுத்ததும் அவளுடைய நாக்கு வானிலை சொன்னது. எதிரில் இருந்தவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். ஒரு முறை கேள்வியைப் போனில் தட்டிக் காட்டினாள். தக்காளி விற்றவள் படித்துவிட்டு, விற்காத கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பழகிப் பார்த்தாள். 'கணவர்' வந்தது. 'இஞ்சினீயர்' வந்தது. 'காணாமல் போனார்' வரும் இடத்தில் தொண்டையில் யாரோ கை வைத்து மூடுவதுபோல அடைத்தது. பிறகு மழை.

இன்னும் மூன்று நாள்தான் விசா. நாலாம் நாள் காலை டாக்டர் பார்கவியை அழைத்தாள். சென்னையில் அப்போது சாயங்காலம்.

"டாக்டர், நீங்க வச்சது கெட்டுப்போச்சு. எதக் கேக்கணுமோ அதக் கேக்க மாட்டேங்கி. மழை, மழைங்கி. கோட்டிக்காரி மாதிரி நிக்கேன் நடுத்தெருவுல."

நடந்ததை எல்லாம் டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"கெட்டுப்போகலை ரெமிலா. ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சனை."

"என்ன சொல்லுதிய?"

"அந்தத் தெருக்காரங்க எதைப் பேசறாங்கன்னு மட்டும் பதிவாகலை. எதைப் பேச மாட்டாங்கங்கறதும் பதிவாகியிருக்கு. அந்த அம்மா ஒரு வருஷம் முழுக்க ஏதோ ஒண்ணைத் தொடாமயே பேசியிருக்காங்க. பக்கத்துல போனா உடனே மழை. அது அவங்க பழக்கம் மட்டுமா, தெருவோட பழக்கமான்னு தெரியல. நூறு பேரைக் கலந்திருந்தா இது கரைஞ்சு போயிருக்கும். நீங்கதான் ஒரே ஆளுடையது வேணும்னு..." டாக்டர் நிறுத்திக்கொண்டார். "இதுக்குப் பேரு பயம், ரெமிலா. உங்க நாக்குல அவங்க பயம் உட்கார்ந்திருக்கு. வேணாம். இங்கிருந்தே சிக்னல் கொடுத்து நிறுத்திடறேன். நாளைக்கே கிளம்பி வந்துடுங்க."

"நிறுத்துனா?"

"ஸ்பானிஷ் ஒரு மணி நேரத்துல போயிடும். பயமும் போயிடும்."

"அந்த அம்மா எதுக்குப் பயப்படுதாவன்னு உங்ககிட்ட இருக்குமே. பதிவைத் திறந்து பாருங்க."

"பார்க்கக் கூடாது. அவங்களுக்குக் கொடுத்த வாக்கு அது. பார்த்தா நாளைக்கு எவளும் எங்களை நம்பிப் பட்டை கட்ட மாட்டா."

ரெமிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எல்விரா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வராத மழைக்கு ஜன்னலைச் சாத்திய அதே எல்விரா.

"நிறுத்தாதிய டாக்டர்" என்றாள். "பதிவு என் வாயிலயும் இருக்குல்லா."

*

காது கேளாதவரிடம் 'உமக்கு எது கேட்கவில்லை?' என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அதனால் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கேட்டதற்கு ஒரு குறி, கேட்காததற்கு ஒரு குறி. கடைசியில் குறிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால், பள்ளம் எங்கே இருக்கிறது என்று தாளே காட்டிவிடும். இருபத்திரண்டு வருடமாக ரெமிலா அதைத்தான் செய்துவந்தாள்.

விடுதி வரவேற்பில் நகராட்சியின் வழிகாட்டிப் புத்தகம் ஒன்று கிடந்தது. முப்பது பக்கம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள்.

திருவிழாக்கள்: தடையில்லை. மாதா கோயில் கட்டிய வருடம்: தடையில்லை. பேருந்து நேரங்களில் திங்கள் வந்தது. செவ்வாய் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரெமிலா குறி போட்டாள். புதன் வந்தது.

துறைமுகப் பக்கத்தில் வேகம் குறைந்தது. தெற்குக் கிடங்கு வந்தது. வடக்குக் கிடங்கு: மழை வரும்போல இருக்கு. கலங்கரை விளக்கம், படகுத்துறை வந்தன. 'குழாய்' அடைத்தது. 'சங்கு ஊதுதல்' அடைத்தது. நிறங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். மஞ்சளில் கண்ணில் நீர் முட்டியது, ஏன் என்றே தெரியாமல். பதினேழாம் பக்கத்தில் பழைய சுண்ணாம்புச் சூளை பற்றி இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டு வரியையும் ஏழு முறை முயன்றாள். வியர்த்துக் கொட்டியது. ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. மழைகூட வரவில்லை.

தாளைப் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை. வடக்குக் கிடங்கு. குழாய். மஞ்சள். சங்கு. அதற்குப் பிறகு, ஆழமான பள்ளமாக, சுண்ணாம்புச் சூளை.

கப்பல் இஞ்சினீயரின் மனைவிக்கு மஞ்சளாக ஒரு வாயு உண்டு என்று தெரியும். அது எந்தச் சரக்கில் வரும், கசிந்தால் எப்படி மூச்சை அடைத்துக் கொல்லும் என்றெல்லாம் ஜெரோன் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல. தாளை மடித்தாள். ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்ற நினைப்பை அவள் இன்னும் விடவில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

*

சூளை ஊருக்கு வெளியே, வடக்குக் கிடங்கின் மதிலுக்குப் பின்னால் இருந்தது. நடுப்பகல். காற்றில் உப்பு. சூளை இடிந்து பாதிச் சுவர்தான் மிச்சம். அதன் மறுபக்கத்தில், மதிலை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த மேடுகள் வரிசையாக இருந்தன. சிலுவை இல்லை, பெயர் இல்லை. எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

ஒரு பெண் துடைப்பத்தால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உருவம், நரைத்த பின்னல், எண்ணெய் தெறித்த தழும்புகள் நிறைந்த கைகள். நிமிர்ந்து பார்த்தாள்.

"தலையை மூடிக்கோ மகளே. இந்த வெயில் மண்டையைப் பிளந்துடும்."

'மகளே'க்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சின்ன ஓசை, கடைசிச் சொல்லைக் கடித்துத் துப்பும் விதம். நாலைந்து நாளாக ரெமிலாவின் வாயிலிருந்து வரும் பேச்சு எதிரில் நின்று அவளோடு பேசியது.

"மண்டை பிளந்தா ஒட்டிக்கலாம்" என்றாள். அவள் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது.

துடைப்பம் கீழே விழுந்தது. அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"நீ... என்னை வாங்கிட்டு வந்திருக்கே" என்றாள்.

ரெமிலா தலையசைத்தாள்.

"நியேவெஸ் என் பேரு. மீன் வறுத்து விக்கறேன். யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு இருந்தேன். இவ்வளவு தூரத்துலேர்ந்து வருவாங்கன்னு நினைக்கலை."

ரெமிலா புகைப்படத்தை நீட்டினாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மழை வரும்போல இருக்கு" என்றார்கள் இருவரும்.

நியேவெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரெமிலாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. பதினான்கு மாத ஆத்திரம். ஸ்பானிஷ் அடைத்தால் அடைத்துப் போகட்டும் என்று தமிழில் வெடித்தாள்.

"ஏட்டி, எங்க இருக்காக அவுக? சொல்லித் தொலையேன்! உன்னோடயா இருக்காக? இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. என் மவகிட்ட உங்கப்பா உசிரோட இருக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன். ஊர்ல எல்லாவளும் ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கா. நான் ஆமாங்கேன். ஓடிப்போனவுகதான், நல்லாத்தான் இருக்காகங்கேன். அப்பிடியே இருக்கட்டுமே, உனக்கு என்ன போச்சு!"

நியேவெஸுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு புகைப்படத்தைத் தன் கையில் வாங்கினாள்.

"காரம் கேட்பான்" என்றாள். "இன்னும் மிளகாய், இன்னும் மிளகாய்னு. எங்க ஊர்ல யாரும் அப்படித் திங்க மாட்டாங்க. நாலு நாள் என் கடைக்கு வந்தான். தட்டை அவனே கழுவி வைப்பான். போன்ல ஒரு பொண்ணோட படம் காட்டினான். பல்லுக்குக் கம்பி போட்ட பொண்ணு."

ஆன்சி. அப்போது பத்தாம் வகுப்பு. கம்பியைப் போன பொங்கலுக்குத்தான் கழற்றினார்கள்.

"அவருக்கு இங்க வேற யாரும்..." ரெமிலா ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். இதை நாக்கு தடுக்கவில்லை. "பொம்பளை யாராவது?"

"ஐயோ, அவனுக்கா? படத்தைக் காட்டறதுக்கே நேரம் போதலை அவனுக்கு." நியேவெஸ் சிரிக்கப் பார்த்தாள். "அஞ்சாம் நாளும் வந்தான். தட்டுல மீன் வச்சேன். அப்பத்தான்..."

நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். நிர்மலமான நீலம்.

பிறகு குனிந்து விரலால் மணலில் வரைந்தாள். மதில். மதிலுக்கு மேல் ஒரு குழாய். குழாயிலிருந்து கீழே, தெருவை நோக்கி உருண்டு வரும் புகை. ஒரு கடை. கடைக்குள் பதினொரு புள்ளிகள். பன்னிரண்டாவது புள்ளியைக் கடைக்கு வெளியே, கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினாள். தண்ணீர் எடுக்கப் போயிருந்தவள். உயிரோடு இருப்பவள். அப்புறம் எல்லாவற்றையும் உள்ளங்கையால் அழித்தாள்.

ரெமிலாவின் கையைப் பிடித்து நான்காவது மேட்டின் அருகே கூட்டிப்போய், புகைப்படத்தை அதன்மேல் வைத்தாள். பறக்காமலிருக்க ஒரு கல்.

ரெமிலா உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறுதோறும் கேட்டது கிடைக்கவில்லை. அவர் அவளை ஏமாற்றவில்லை.

"இதைப் பேச மாட்டோம்னு கிடங்குக்காரங்க தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினாங்க" என்றாள் நியேவெஸ், பக்கத்தில் உட்கார்ந்தபடி. இதைச் சொல்ல அவளால் முடிந்தது. "கையெழுத்துப் போடாத ரெண்டு குடும்பம் இப்ப இங்க இல்ல. எங்கன்னு தெரியாது. அப்பத்தான் ஒருத்தி வந்து கழுத்துப் பட்டை கட்டிக்க ஆள் தேடினா. நான் கட்டிக்கிட்டேன். பேசக் கூடாதுன்னுதானே எழுதி வாங்கினாங்க. பேசாம இருக்கறதை அடுத்தவளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதலையே."

*

கிளம்பும் நாள் காலை டாக்டர் சிக்னலை அனுப்பினார். ஸ்பானிஷ் பேருந்திலேயே கழன்று போனது. முதலில் வசவுகள் போயின, பிறகு காய்கறிகள், கடைசியில் எண்கள். எல்விரா கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் எழுதியிருந்தது என்னவென்று ரெமிலாவால் படிக்க முடியவில்லை.

விமானத்தில் முழு நேரமும் திட்டம் போட்டாள். முதலில் ஆன்சி. பிறகு வக்கீல். கப்பல் நிறுவனத்திடம் அந்த 'ஓடியவர்' என்ற சொல்லைத் திருப்பி வாங்க வேண்டும். சூளையின் இடம், பதினொரு மேடு, எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் யார் காட்டியது என்று கேட்பார்கள். லாஸ் ரேதேஸில் ஒரே ஒருத்திதான் பட்டை கட்டியிருந்தாள் என்று தெரிந்துகொள்ள அந்தக் கிடங்குக்காரர்களுக்கு எத்தனை நேரமாகும்? நியேவெஸின் எண்ணெய்த் தழும்புக் கைகள் நினைவுக்கு வந்தன. திட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். முதலில் ஆன்சி.

சென்னையில் காலை பத்து மணி. வெளியேறும் வாசலில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆன்சி நின்றிருந்தாள். பிளஸ் டூ படிக்கும் பெண். தூத்துக்குடியிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

ரெமிலா வாயைத் திறந்தாள். வாக்கியம் தமிழில்தான் இருந்தது, நான்கே வார்த்தை.

"சாப்ட்டியாட்டி?" என்றாள்.

பெட்டியை விட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய்ப் போனை எடுத்தாள்.

"டாக்டர், அது இன்னும் ஓடுதா? சரியா நிறுத்தலையா நீங்க? எம் மவகிட்ட சொல்ல முடியல. தமிழ்லயும் அடைக்கி."

மறுமுனையில் சாவிப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நிறுத்தி ரெண்டு நாளாச்சு ரெமிலா. ஏடு கரைஞ்சே போச்சு. இங்க கோடு தட்டையா இருக்கு." டாக்டரின் குரல் தணிந்தது. "உங்க காதுக்குப் பின்னால இப்ப ஒண்ணுமே இல்ல."

ரெமிலா போனை வைத்தாள். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். வெறும் தோல்.

திரும்பி வந்தபோது ஆன்சி பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள்.

"அம்மா, அப்பாவப் பாத்தியா?"

"ரயிலுக்கு நேரமாச்சுட்டி" என்றாள் ரெமிலா. "எக்மோர் போகணும். சீக்கிரம் வா."

ரயில் மாலை ஏழு மணிக்குத்தான். டிக்கெட் எடுத்ததே ஆன்சிதான்.

ஆன்சி அசையாமல் நின்றாள். அவள் கண்கள் அம்மாவின் முகத்தில் மெதுவாக ஏதோ ஒன்றைப் படித்து முடித்தன. பிறகு பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையால் அம்மாவின் விரல்களைப் பிடித்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "நேரமாச்சு."